பாப்பாவுக்கு ஒரு தள்ளுபடி

அத்தியாயம் 9

தட்டுகளைக் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போன அண்ணி, மறுநாள் விடிந்த பிறகும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். நடுவில் தூங்கினாள், எழுந்தாள், குளித்தாள் என்பதெல்லாம் உண்மைதான். மனசு மட்டும் அந்தக் குழாயடியை விட்டு நகரவில்லை.

முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் அப்படி ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. நாத்தனார் வாய் திறந்து ஒரே ஒரு சங்கதி சொன்னாள்.

"அண்ணி வேலை பார்க்கிற காலேஜ்லயே ஸ்கேன் டெக்னீஷியன் கோர்ஸ் சேரப் போறேன்."

"அப்படிப் போடு!" என்று தங்கையின் முதுகில் தட்டினான் அண்ணன்காரன். அண்ணி எழுந்து தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். பாதிச் சாப்பாட்டில் இருந்த கணவனின் தட்டையும் சேர்த்து அடுக்கிவிட்டாள் என்பதை அவன் சொன்ன பிறகுதான் கவனித்தாள்.

நாத்தனாருக்கு வயது முப்பத்து நான்கு. வீட்டில் இன்னும் பெயர் பாப்பாதான். கட்டிக்கொண்டவனோடு எட்டு வருஷம் மல்லுக்கட்டிவிட்டு, நான்கு மாதங்களுக்கு முன் இரண்டு பெட்டிகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வந்த மறுவாரமே ஒரு சலூனில் வேலை தேடிக்கொண்டாள். முடி வெட்டுகிற வேலை இல்லை. வெட்டுவதற்கு முன்னால் வருகிறவர்களின் தலையை அலசிவிடுகிற வேலை. நாள் முழுக்க ஷாம்பூவில் ஊறி அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. சம்பளம் வந்ததும் அண்ணி கையில் பாதியைக் கொடுப்பாள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாள்.

அண்ணிக்குக் கல்லூரியில் வேலை என்றால் பாடம் நடத்துகிறாள் என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் திருத்தவில்லை. உண்மையில் அவள் கல்வி உதவி ஆலோசகர். சேர வருகிறவர்களை உட்காரவைத்து, கட்டணத்துக்கான பணம் எங்கிருந்து வரும் என்று வழிகாட்ட வேண்டும். இதை ஆறு வருஷமாகச் செய்துவருகிறாள். நன்றாகவும் செய்தாள்.

"தலைவலியா?" காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி கணவன் கேட்டான்.

"ஆமா."

"நேத்து ராத்திரியும் தலைவலின்னுதான் சொன்ன."

"அதே தலைவலிதான்."

அவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பல்சக்கரம் முனகினாலும் காதைத் தீட்டிக்கொண்டு கண்டுபிடிப்பான். மனைவி முனகினால் மட்டும் மாத்திரை எடுத்துக் கொடுப்பான். அன்றைக்கும் கொடுத்தான்.

பாப்பாவிடம் பேசிவிடலாம் என்று அண்ணி அவள் அறைக் கதவைத் தட்டினாள். கட்டில் காலியாக இருந்தது. சீக்கிரமே சலூனுக்குப் போய் அரைநாள் வேலையை முடித்துவிட்டு, பதினொரு மணிக்குக் கல்லூரிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அன்றைக்கு மாதக் கடைசி. சேர்க்கைப் பிரிவில் மாதக் கடைசி என்றால் யாரும் மெதுவாக நடக்க மாட்டார்கள். வரவேற்பறையில் பித்தளை மணி ஒன்று தொங்கும். கையெழுத்துப் போட்டு முடித்த புது மாணவர், போகும்போது தானே அதை அடிக்கலாம். அடித்தால் எல்லோரும் எழுந்து கைதட்ட வேண்டும். அன்று காலையிலேயே நான்கு முறை எழுந்தாகிவிட்டது.

அந்த அறைக்குள் சில சொற்கள் வராது. கடன் என்ற சொல் அதில் முதலாவது. 'உதவி' என்பார்கள், 'நிதி' என்பார்கள். மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், "முதல்ல உங்களுக்கு எவ்வளவு உதவி கிடைக்கும்னு பார்ப்போம்" என்று ஆரம்பித்து, மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்னத் தொகையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்தத் தொகை எப்போதும் ஒரு செல்போன் தவணை அளவுக்குத்தான் இருக்கும். கேட்கிறவர் முகம் தெளியும். அந்தத் தெளிவு வந்ததும் பேனாவை நீட்ட வேண்டும்.

இரண்டு வருஷங்களுக்கு முன் படிப்புக் கடனுக்கான உச்சவரம்பை அரசாங்கம் உயர்த்தியது. அடுத்த பருவத்தில் கல்லூரிக் கட்டணமும் அச்சு அசலாக அதே அளவு உயர்ந்தது. அண்ணி அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

பாப்பா சொன்ன நேரத்துக்கு வந்தாள். தலையை இழுத்துப் பின்னியிருந்தாள். காலில் புதுச் செருப்பு. அண்ணி வரவேற்பிலேயே அவளை மடக்கி, பக்கத்துக் கதவைத் திறந்து மாடிப்படிக்கு அழைத்துப்போனாள். யாரும் பயன்படுத்தாத படி அது. தரை துடைக்கிற கட்டைகள் சாத்தியிருந்தன.

"என்ன அண்ணி, இங்க கூட்டிட்டு வந்துட்டீங்க? உங்க சீட்டுக்குப் போகலாமே."

"சொந்தக்காரங்களை நான் பார்க்கக் கூடாது. வேற ஆள்தான் பார்ப்பாங்க. அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"இது வேணாம் பாப்பா."

பாப்பாவின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. "எது வேணாம்?"

"இந்த காலேஜ். இந்த இடம் சரியில்ல."

"சரியில்லாத இடத்துலதான் ஆறு வருஷமா இருக்கீங்களா?"

"வேலை பார்க்கிறது வேற, படிக்கிறது வேற."

"எனக்குப் படிப்பு ஏறாதுன்னு நினைக்கிறீங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல. அவசரப்படாதேன்னுதான் சொல்றேன். எதிர்ல அரசுக் கல்லூரி இருக்கு. இதே படிப்பு அங்கயும் இருக்கு. கட்டணமும் இதுல பத்துல ஒரு பங்கு."

"ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன் அண்ணி." பாப்பா குரலை உயர்த்தவில்லை. "அங்க வரிசை நிக்குது. என் முறை வர ஒன்றரை வருஷம் ஆகுமாம். வந்தாலும் முதல்ல கணக்குப் பரீட்சை எழுதணுமாம். நான் கணக்குப் புத்தகத்தைத் தொட்டு பதினாறு வருஷம் ஆச்சு. இங்க திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பிக்குது."

அவள் அங்கே போய் வந்தது அண்ணிக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே குளியலறையைப் பங்குபோட்டுக்கொண்டு இருந்தும் தெரியாது.

"இங்க கொடுக்கிறது உதவி இல்ல பாப்பா. கடன்."

"கடன்னா திருப்பிக் கட்டணும். அது எனக்குத் தெரியாதா? பாப்பான்னு கூப்பிட்டா பாப்பாவாவே இருந்துடுவேனா?" என்று கேட்டுவிட்டு, ஒரு நிமிஷம் அண்ணியையே பார்த்தாள். "ஒண்ணு கேட்கிறேன். இதை நீங்க இங்க வர்ற எல்லார்கிட்டயும் சொல்றீங்களா?"

அண்ணி சுவரில் சாத்தியிருந்த கட்டைகளைப் பார்த்தாள்.

"அவங்களை எல்லாம் உள்ள உட்கார வெச்சு டீ கொடுத்து, வாங்க வாங்கன்னு சேர்த்துக்கிறீங்க. எனக்கு மட்டும் மாடிப்படி. நான் தலை அலசிட்டே இருந்தா போதும், அப்படித்தானே?"

"பாப்பா…"

"நேரமாச்சு அண்ணி."

கதவு சாத்திக்கொண்டது. தரை துடைக்கிற கட்டை ஒன்று சரிந்து விழுந்தது. அண்ணி அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

நாத்தனாரை உட்காரவைத்தவன், அண்ணிக்கு எதிர் மேஜைக்காரன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெயிலோ மழையோ டை கட்டாமல் வரமாட்டான். இரண்டு மேஜைகளுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான். குரல் கேட்காது, முகம் தெரியும். டைக்காரன் பேசினான், பாப்பா தலையாட்டினாள். டீ வந்தது. அவன் விரலால் காகிதத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினான். பாப்பாவின் முகம் தெளிந்தது. அவன் பேனாவை நீட்டினான்.

அண்ணி எழுந்து போயிருக்கலாம். கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் தன் மேஜையில் இருந்த கிளிப்புகளைப் பெட்டியில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. பாப்பாதான் அடித்தாள், ஒரு தடவைக்கு மூன்று தடவையாக. அறை முழுக்க எழுந்து கைதட்டியது. அண்ணியும் எழுந்து தட்டினாள். ஆறு வருஷப் பழக்கம், கை தானாகத் தட்டியது. பாப்பா எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள், அண்ணி இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை. உடனே கிளம்பவும் இல்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும் என்று அவளை வரவேற்பறை நாற்காலியில் உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

அதற்குள் அண்ணியின் மேஜைக்கு அடுத்த ஆள் வந்துவிட்டார். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், நாற்பது வயதிருக்கும். வேலையை முடித்து நேராக வந்திருக்கிறார் போலும். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. கணினி வலையமைப்புப் படிப்பில் சேர வேண்டும், அடுப்புச் சூட்டில் இனி நிற்க முடியவில்லை என்றார். அண்ணி வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். அவர் வழக்கமான பதில்களைச் சொன்னார். பிறகு அவரும் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மொத்தமா எவ்வளவு ஆகும் மேடம்?"

"முதல்ல உங்களுக்கு எவ்வளவு உதவி…" என்று ஆரம்பித்த அண்ணிக்கு அதற்கு மேல் வரவில்லை. தண்ணீர் குடித்தாள். கால்குலேட்டரை எடுத்து நான்கைந்து தட்டல் தட்டி, அவர் பக்கமாகத் திருப்பினாள்.

"இது கட்டணம்." மறுபடியும் தட்டினாள். "இது வட்டியோட சேர்த்து நீங்க திருப்பிக் கட்ட வேண்டியது. பாதியில நின்னுட்டாலும் அதுவரைக்கும் வாங்கினதைக் கட்டித்தான் ஆகணும்."

அவர் குனிந்து பார்த்தார். உதடு அசையாமல் இலக்கங்களை எண்ணினார். பிறகு அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"நீங்க இதைச் சொல்லலாமா?"

"கேட்டீங்க. சொன்னேன்."

அவர் எழுந்து நின்று, மாவு ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவளோடு கைகுலுக்கினார். வரவேற்பறை வழியாக வெளியே போனார். மணிப்பக்கம் போகவில்லை.

கால் மணி நேரத்தில் மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது.

மேலாளர் கோபப்படுகிற ரகம் இல்லை. கோபப்பட்டு யாரும் அவரைப் பார்த்ததே இல்லை. அண்ணியை உட்காரச் சொல்லி, ஏசியைக் குறைத்து வைத்தார்.

"உடம்பு சரியில்லையா? முகம் ஒரு மாதிரி இருக்கே."

"லேசா தலைவலி."

"ஒருத்தர் எழுந்து போயிட்டாராம். பரவால்ல, நடக்கிறதுதான். உங்களை நான் எப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

"இல்ல மேடம்."

"நான் கூப்பிட்டது நல்ல விஷயத்துக்கு. உங்க நாத்தனாருக்கு ஊழியர் குடும்பத் தள்ளுபடி போட்டிருக்கேன். கட்டணத்துல கால்பங்கு."

"நான் கேட்கலையே."

"நீங்க கேட்டாத்தான் செய்யணுமா? நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி." மேலாளர் சிரித்தார். "நீங்க இங்க வேலையில இருக்கிற வரைக்கும் அந்தத் தள்ளுபடிக்கு ஒரு குறையும் வராது."

"இல்லேன்னா?"

"இல்லேன்னு ஏன் பேசறீங்க? மத்தியானம் ரெண்டு பேர் வர்றாங்க. உங்க மேஜைக்குத்தான் அனுப்பறேன்."

மத்தியானம் அந்த இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணி பேசினாள். முதலாமவர் மொத்தம் எவ்வளவு என்று கேட்கவில்லை, சேர்ந்துவிட்டார். இரண்டாமவர் யோசித்துச் சொல்வதாகப் போனார். யாரும் கேட்காமல் அவள் எதையும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருந்ததும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

சாயங்காலம் கணவன் கல்லூரி வாசலில் பைக்கோடு நின்றுகொண்டிருந்தான். கருவிப் பை முன்னால் தொங்கியது. அவன் வந்து அழைத்துப்போவது அபூர்வம். முகமெல்லாம் பல்.

"பாப்பா போன் பண்ணினா. தள்ளுபடி வேறயாமே! நீ சொல்லவே இல்ல."

"எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

"அப்ப எனக்கும் பாரம் கொஞ்சம் குறையும். ஜாமீன் கையெழுத்து போட்டப்ப இந்தத் தள்ளுபடிக் கணக்கெல்லாம் உங்க ஆபீஸ் பையன் சொல்லலை."

பைக்கில் ஏறப் போன அண்ணி அப்படியே நின்றாள். "என்ன கையெழுத்து?"

"பாப்பாவுக்குத்தான். முன்னாடியே போன்ல விசாரிச்சு என் பேரைக் கொடுத்திருந்தாளாம். உங்க ஆபீஸ்ல இருந்து டை கட்டின பையன் ஒருத்தன் நேத்து மத்தியானம் நான் வேலை செய்யற கட்டடத்துக்கே வந்துட்டான். நிலையான சம்பளம் இருக்கிற ஆள் ஒருத்தர் போடணுமாம். போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா?"

"உன்கிட்ட என்னத்தைக் கேட்கிறது?" அவன் நிஜமாகவே புரியாமல் பார்த்தான். "நீ வேலை பார்க்கிற இடமாச்சே. கெட்ட இடமா இருந்தா நீ ஆறு வருஷம் இருப்பியா? அந்தத் தைரியத்துலதான் போட்டேன்."

ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். அண்ணி ஏறி உட்கார்ந்தாள். அவள் தலைவலியில் இருக்கிறாள் என்று அவன் மெதுவாகவே ஓட்டினான்.

வீட்டில் பாப்பா எல்லாவற்றையும் சமைத்து வைத்திருந்தாள். சலூனில் வாரக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தாளாம். முதலாளியம்மாள் முகம் போன போக்கை அண்ணனுக்கு நடித்துக் காட்டினாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணியோடு மட்டும் அவள் பேசவில்லை. "குழம்பு வேணுமான்னு கேளுண்ணா" என்று பக்கத்தில் இருப்பவளை அண்ணன் மூலமாகக் கேட்டாள்.

"வேணும்னு சொல்லுங்க" என்றாள் அண்ணியும் அவன் மூலமாகவே.

"என்னடா இது, என்னை டெலிபோன் ஆக்கிட்டீங்க?" என்றான் அவன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, விரலிடுக்கில் களிம்பு தடவிக்கொண்டே பாப்பா தானாகப் பேசினாள். அண்ணியைப் பார்த்துப் பேசவில்லை. களிம்பு டியூபைப் பார்த்துப் பேசினாள்.

"படம் எடுக்க உட்கார்ந்திருந்தப்ப ஒருத்தரைப் பார்த்தேன். சட்டைக் கையெல்லாம் மாவு. உங்க மேஜையில இருந்து எழுந்து நேரா வெளிய போயிட்டார்."

"ஆமா."

"ஏன் போனார்?"

"மொத்தம் எவ்வளவுன்னு கேட்டார். திருப்பிக் கட்ட வேண்டியதோட சேர்த்துச் சொன்னேன்."

பாப்பா டியூபை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திறந்து மூடினாள்.

"என்கிட்ட அதைச் சொல்லலையே அண்ணி."

"சொன்னேனே. கடன்னு…"

"வேணாம்னு சொன்னீங்க. இடம் சரியில்லன்னு சொன்னீங்க. அவசரப்படாதேன்னு சொன்னீங்க. சின்னப் பிள்ளைகிட்ட சொல்ற மாதிரி. அந்த ஆள் யாரோ எவரோ. அவருக்குத் தொகை, எனக்குப் புத்திமதி." இப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இப்பச் சொல்லுங்க. எவ்வளவு?"

அண்ணி கணவனைப் பார்த்தாள். அவன் தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான்.

தொகையைச் சொன்னாள். இலக்கமாகச் சொன்னது யாருக்கும் உடனே உறைக்கவில்லை என்று தெரிந்து, வேறு விதமாகவும் சொன்னாள்.

"சலூன்ல நீ வாங்கற சம்பளத்தை ஒரு காசு செலவழிக்காம அப்படியே எடுத்துக் கொடுத்தா, ஒன்பது வருஷம்."

குவளை மேஜைக்குத் திரும்பியது.

"தள்ளுபடி போகவா?" என்றாள் பாப்பா.

"தள்ளுபடி போக."

"நீங்க வேலையில இருக்கிற வரைக்கும்தான் தள்ளுபடின்னு அந்த டைக்காரர் சொன்னார். இல்லேன்னா?"

"பன்னிரண்டு."

கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் போட்ட ஜாமீன் கையெழுத்து ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டான்.

"அப்ப ஸ்கேன் வேலையில என்ன சம்பளம் வரும்?" பாப்பா விடவில்லை. "கிடைச்சா சொல்லுங்க. கிடைக்குமா, அதையும் சொல்லுங்க."

"கிடைச்சா இப்ப வாங்கறதைப் போல ரெண்டு மடங்கு. போன வருஷம் படிச்சு முடிச்சவங்கள்ல எனக்குத் தெரிஞ்சு மூணுல ஒருத்தருக்குக் கிடைச்சுது. மத்தவங்க எங்க போனாங்கன்னு எங்க ஆபீஸ்ல யாரும் கேட்கிறதில்ல. நானும் கேட்கலை."

பாப்பா அழவில்லை, கோபப்படவும் இல்லை. சலூனில் யாராவது தலையை நீட்டிக் காத்திருக்கும்போது தண்ணீர் சூட்டைப் புறங்கையில் பார்ப்பாளே, அப்படி நிதானமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சே" என்றான் கணவன் பலவீனமாக.

"போட்ட பிறகும் ரத்து பண்ணலாம்," என்றாள் அண்ணி. "அஞ்சு நாள் கெடு. அதுக்குள்ள எழுதிக் கொடுத்தா நீங்களும் தப்பிச்சீங்க, அவளும் ஒண்ணும் கட்ட வேண்டாம். ஆனா நான் எழுதிக் கொடுக்க முடியாது. அவதான் கொடுக்கணும்."

இரண்டு பேரும் பாப்பாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து, மேஜையில் இருந்த மூன்று தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். சமையலறை வாசல்வரை போய் நின்று திரும்பினாள்.

"அந்த அஞ்சு நாள்ல, அண்ணி, இன்னைக்கும் சேர்த்தியா?"